போத்தல் மூடியளவு தண்ணீர்

அருளப்பன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியை வைத்தவன் நான்தான். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நீ மூன்று தரம் திரும்ப எடுத்தாய். மூன்று தரமும் மணி அடிக்க அடிக்கக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதுக் கிழவன் செய்கிற காரியமா என்று நீ கேட்கலாம். கேள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கிழமை முழுக்க ஓர் இடத்தில் இருக்க ஏலாமல் வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் நாலு தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதில்லை என்று முடிவு செய்துதான் பேனையை எடுத்திருக்கிறேன்.

நீ சொன்னது இதுதான். கலியாணத்துக்கு முன்னர், நீ கட்டப்போகிற அந்தப் பிள்ளை போகும் சபையில் சேரப்போகிறாய். வருகிற மாதம் முதல் ஞாயிறு தொட்டிக்குள் இறக்கி உன்னை முழுக்காட்டப் போகிறார்கள். "சின்னனில தலையில ஊத்தினது கணக்கில்லை, அப்பா. விளங்கி எடுக்கிறதுதான் ஞானஸ்நானம். அப்ப எனக்கு என்ன தெரியும்?" என்றாய். சண்டை பிடிக்கும் குரலிலும் சொல்லவில்லை. நான் சந்தோசப்படுவேன் என்று நினைத்ததுபோலத்தான் சொன்னாய். அதற்கு நான், உனக்கு எத்தனை தரம்தான் தண்ணி வேணும் என்று கத்திவிட்டு வைத்தேன். அந்தக் கேள்வியை நீ வெறும் கோபம் என்று நினைத்திருப்பாய். அது கோபம் மட்டும் அல்ல. உனக்கு இதுவரை இரண்டு தரம் நடந்துவிட்டது. முதலாவதை நான் செய்ததாக ஊரே நம்புகிறது. அதை நான் செய்யவில்லை. இரண்டாவதை நான்தான் செய்தேன். அது உனக்கே தெரியாது. மூன்றாவதுக்கு நீ இறங்குமுன் இரண்டையும் நான் சொல்லியாக வேண்டும்.

எண்பத்தைந்தில் நீ பிறந்தபோது நான் நெடுந்தீவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மாவை நான் கட்டியபோது இரண்டு பக்கமும் ஒருவரும் சிரிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நான் ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கன்; தவமணி புங்குடுதீவு மடத்துவெளிச் சைவ வீட்டுப் பிள்ளை. அவளுடைய தகப்பனுக்குத் தெற்கில் கடை இருந்தது. எண்பத்துமூன்று கலவரத்தில் அது எரிந்து, உடுத்த சாரத்தோடு அவர் ஊருக்கு வந்து சேர்ந்தார். தான் இருக்கும்வரை மகள் ஞானஸ்நானம் எடுத்து வேதத்துக்கு மாறக்கூடாது என்று அவர் கேட்டதும், அவள் தலையாட்டியதும் அந்த நாட்களில்தான். எல்லாம் போன மனுசனிடம் வேறு என்ன சொல்ல முடியும்? அதனால் விசேட அனுமதி வாங்கித்தான் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாக நான் கையெழுத்து வைத்தேன். கலியாணத்துக்கு முன்னர் ஒரு சிஸ்டரிடம் மூன்று மாதம் ஞானோபதேசம் கேட்கவேண்டும் என்றார்கள். அவள் ஒரு நாள் பிந்தாமல் போனாள். பிறகு என்னோடு பூசைக்கு வருவாள், கடைசி வாங்குப் பலகையில் இருப்பாள், நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழும்பும்போது கால்களை ஒதுக்கி வழி விடுவாள்.

நீ பிறந்து நாற்பது நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்காமல் விட்டது என் வீறாப்பு. எங்கள் வீட்டுக்கு எட்டிப் பாராத என் ஆட்கள் எல்லோரும் வரவேண்டும், ஊர்க் கோயில் திருநாளில் மேளதாளத்தோடு செய்யவேண்டும், பெரிய மாமி உன்னைக் கையில் ஏந்தவேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் அக்காவின் கையில் நீ கிடந்தால் தவமணியையும் அவர்கள் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பது என் நினைப்பு. இப்படி மூன்று மாதம் இழுத்தேன். அம்மா இரண்டு தரம் கேட்டாள். கடல் ஒழுங்காக இல்லை, படகோட்டம் குறைவு என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. உண்மையைப் பாதி சொல்லித் தப்புவது அப்போதே எனக்குக் கைவந்த பழக்கம்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் காலையில் வலிப்புக் கண்டது. உடனே ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கிடைத்த வள்ளத்தில் ஏறினோம். எங்கள் மூன்று பேரோடு ஓட்டியும் இன்னும் இரண்டு பேரும். பாதிக் கடலில் இயந்திரம் நின்றது. ஓட்டி கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறான், இருமிவிட்டு மறுபடி நிற்கிறது. தூரத்தில் ஒரு கடற்படை ரோந்துப் படகு தெரிந்தது. சீலையை உயர்த்திக் காட்டலாமா, காட்டினால் என்ன வருமோ என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம், ஒருவரும் காட்டவில்லை. நீ என் மடியில் கிடந்தாய். அழுகை நின்று வெகுநேரம். உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்து, "ஊத்துங்கோ" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சாகக்கிடக்கும் பிள்ளைக்குப் பங்குச் சுவாமி இல்லாத இடத்தில் வீட்டார் தண்ணீர் ஊற்றலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய் இது.

நான் ஊற்றவில்லை, மகனே. வாய் காய்ந்துவிட்டது, வசனம் மறந்துவிட்டது என்று எனக்கு நானே பலகாலம் சொல்லிக்கொண்டேன். வசனம் மறக்கவில்லை. ஊற்றினால் நீ சாகப்போகிறாய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இயந்திரம் வந்துவிடும் என்று சொன்னேன். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. உனக்குப் பால்மாக் கரைக்கக் கொண்டுவந்த சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, அதன் மூடிக்குள் கொஞ்சம் வார்த்தாள். ஆவி பறந்தது. மூடியை வாயருகே பிடித்து ஊதினாள். விரலை விட்டுப் பார்த்தாள், மறுபடி ஊதினாள். பிள்ளை போகிறது என்கிற நேரத்தில் அவள் சூடு ஆறப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உன் தலையை ஒரு கையால் ஏந்தி, நெற்றியில் மூன்று தரம் வார்த்து, "அருளப்பன், பிதாவின்ர, சுதன்ர, பரிசுத்த ஆவியின்ர நாமத்தால உனக்கு ஞானஸ்நானம் தாறன்" என்றாள். கோயில் தமிழில் அல்ல, தன் தமிழில். பேரைக்கூட என்னைக் கேட்கவில்லை. சிஸ்டரின் வகுப்பில் கேட்டதில், ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்த அருளப்பரின் பேர்தான் அந்த நேரம் நினைவில் வந்ததாம். அவள் நெற்றியில் அன்று காலை பூசிய திருநீறு அப்படியே இருந்தது.

நீ உடனே கண் திறந்தாய் என்று எழுத எனக்கும் ஆசை. இல்லை. அரை மணித்தியாலம் கழித்து இயந்திரம் எடுத்தது. குறிகட்டுவான் துறையில் இறங்கி வாடகை வான் பிடித்தோம். மடத்துவெளியால் போகும்போது தன் தகப்பன் வீட்டுப் படலையை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. உன் மூக்கருகே விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஊசி போட்டார்கள். பின்னேரம் நீ அழுதாய். அந்த அழுகையைக் கேட்டுத்தான் அவளும் அழுதாள்.

இனித்தான் என் பாவம். பத்து நாள் கழித்து உன்னை ஊர்காவற்றுறைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பெரிய மாமியும் வந்து நின்றா. பழைய பங்குச் சுவாமி ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு அவசர ஞானஸ்நானம் ஆர் குடுத்தது என்று கேட்டார். ஞானஸ்நானம் பெறாத ஒருத்தி, அதுவும் திருநீறு பூசியபடி, கொடுத்தால் அது செல்லாது என்பது என் அறிவு. செல்லாது என்று தெரிந்தால் இன்னொரு தரம் கொடுப்பார்கள், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் பக்கத்தில் அக்கா. நீ ஆம்பிளை, ஞானோபதேசம் படிப்பிக்கிறவன், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்தனி என்று அவ கேட்பா. "நான்தான் குடுத்தனான், சுவாமி" என்றேன். தவமணி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்து உன் தொப்பியின் நாடாவைச் சரிசெய்தாள். சுவாமி தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு தரம் கொடுத்ததை மறுபடி கொடுக்கக்கூடாது என்று சொல்லி, எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போர்த்தி, மெழுகுதிரி ஏற்றி மீதிச் சடங்கை முடித்தார். புத்தகத்தில் என் பேரை எழுதினார். அது போதாதென்று அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், விசுவாசமுள்ள தகப்பன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று என்னை எடுத்துக்காட்டினார். கடைசி வாங்கில் அவள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாளாவது அவள் அதைச் சொல்லிக் குத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குத்தவில்லை.

அந்தப் பொய் என்னை இருக்கவிடவில்லை. உனக்கு ஞானஸ்நானமே இல்லை, என் வாயால் அதைத் தடுத்துவிட்டேன் என்ற நினைப்பு. ஒவ்வொரு வருடமும் உயிர்ப்பு ஞாயிறான பாஸ்காத் திருநாளில் ஞானஸ்நான வாக்கைப் புதுப்பிக்கச் சொல்வார்கள். பசாசை விட்டுவிடுகிறீர்களா, அதன் செயல்களை விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமி கேட்க, சனம் எல்லாம் விட்டுவிடுகிறோம் என்று முழங்கும். நான் உதட்டை மட்டும் அசைப்பேன். புதுப்பித்தல் என்றால் பழைய வீட்டுக்கு வருடத்துக்கு ஒரு தரம் வெள்ளையடிப்பது என்று நினைத்திருந்தேன். உள்ளே கறையான் இருக்க மேலே அடித்துக்கொண்டேயிருந்தேன்.

தொண்ணூறில் தீவை விட்டு வெளிக்கிட்டு யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருந்தோமே, அங்கேதான் இரண்டாவது நடந்தது. உனக்கு எட்டு வயது, முதல் நன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாய். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு நற்கருணையா என்று எனக்கு நெஞ்சு பதறியது. ஒரு காலை கிணற்றடியில் உனக்குத் தலையில் சவர்க்காரம் போட்டு, வாளித் தண்ணீரைத் தூக்கி, வாய்க்குள் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு ஊற்றினேன். "என்னப்பா முணுமுணுக்கிறியள், கண்ணெரியுது" என்றாய். செபம் சொல்கிறேன் என்றேன். நீ ஓடிப்போய்விட்டாய். உனக்கு இப்போது புரியும், தொலைபேசியில் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று. முன்னர் நடந்தது கணக்கில்லை என்று நீ சொன்னதை நான் எட்டு வருடம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவன். சொன்னது மட்டுமா, செய்தும் முடித்தவன். என் கள்ளத்தனத்தைத் திரும்பக் கேட்டதுபோல இருந்தது.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் இந்த வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

அம்மாவின் தகப்பன் தொண்ணூற்றிரண்டில் செத்தார். அவள் கொடுத்த வாக்கும் அதோடு முடிந்தது. இனி ஞானஸ்நானம் எடுக்கலாமே என்று நான் கேட்டேன். "பாப்பம்" என்றாள். அடுத்த வருடமும் கேட்டேன், அதே பதில். அவளுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது தொண்ணூற்றைந்தில் தெரிந்தது. யாழ்ப்பாணத்தையும் விட்டு ஊரே தென்மராட்சிக்கு நடந்த வருடம். மழையில் நனைந்த காய்ச்சல் அவளுக்கு நெஞ்சில் இறங்கியது. கொடிகாமத்துக்கு அங்காலே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், நாலு குடும்பங்களுக்கு நடுவே, வாங்குகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில் அவள் கிடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பத்து வயது.

அங்கே ஒரு நாள் காலையில் மறுபடி கேட்டேன். இனிச் சுணங்க ஏலாது, நான் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வரவா என்று. கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தாள். "முதல்ல போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ. பத்து வருசமா அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றாள்.

போனேன். முற்றத்து வேம்பின் கீழ் ஓர் இளம் சுவாமி அரிசி மூட்டைகளுக்கு ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு பாவசங்கீர்த்தனம் என்றேன். அங்கேயே ஒதுங்கி நின்று கேட்டார். படகு, மூடி, திருநீறு, நான் சொன்ன பொய், கிணற்றடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது மூன்றே கேள்விதான்: தண்ணீர் ஊற்றினாவா, வசனம் சொன்னாவா, கோயில் கொடுக்கிறதைக் கொடுக்கவேண்டும் என்று மனதில் நினைத்தாவா? மூன்றுக்கும் ஓம் என்றேன். "அப்ப அது சரியான ஞானஸ்நானம், மாஸ்டர். அவசரத்துக்கு ஆரும் குடுக்கலாம், ஞானஸ்நானம் எடுக்காத ஆளும் குடுக்கலாம். கிணத்தடியில நீங்கள் செய்ததுதான் வெறும் குளிப்பாட்டு" என்றார். போக ஏலுமான நாளில் ஊர்காவற்றுறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திருத்தவேண்டும் என்பதைப் பாவப்பரிகாரமாகத் தந்தார். மனைவி ஞானஸ்நானம் கேட்கிறா என்றேன். பூசை முடிய வருவதாகவும், அதற்குள் அவசரம் என்றால் செய்யத் தெரியும்தானே என்றும் சொல்லி மூட்டைகளிடம் திரும்பிவிட்டார்.

ஓடிவந்து அவளிடம் சொன்னேன், பிள்ளைக்கு நீர் குடுத்தது செல்லுமாம் என்று. பெரிய செய்தி கொண்டுவந்தவன்போல மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அவள் சிரித்தாள். "எனக்குத் தெரியும். சிஸ்டர் வகுப்பில சொல்லித் தந்தவ. தெரியாமலோ ஊத்தினனான்?" என்றாள். பிறகேன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேக்கேல்லை" என்றாள். பிள்ளைக்கு ஒன்றும் குறைவில்லை என்று அவளுக்குத் தெரியும். குறை என்னிடம் என்றும் தெரியும். கிணற்றடியில் நான் செய்ததைக்கூடக் குசினி யன்னலால் கண்டிருக்கிறாள். அந்தப் பொய்க்குள் நின்றுகொண்டு தான் ஞானஸ்நானம் எடுத்தால் தன்னுடையதும் பொய்யாகிவிடும் என்பது அவள் எண்ணம். என் மானம் காக்கத் தன் முறையை அவள் தள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். விரும்பி நிற்கிறவளை விருப்பமில்லாதவள் என்று நான் எண்ணியிருந்தேன்.

அவளுக்கு மூச்சு இழுத்தது. சுவாமி வரட்டும் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். "ஒருக்கா ஊத்தினனான் எண்டு சொன்னனீங்கள்தானே. இப்ப ஊத்துங்கோ" என்றாள்.

என்ன பேர் என்று கேட்டேன். தவமணியே போதும் என்றாள். பக்கத்துக் குடும்பம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தந்தது. வாளியில் இருந்த தண்ணீரை அதில் மொண்டேன். ஊற்றினேன். பாதி அவள் கழுத்தில் வழிந்தது. வசனம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. படகில் நான் செய்யாததைச் செய்கிறேனா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழமைக்குள் போய்விட்டாள். விளங்கி எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்கிறாய் நீ. அவளைவிட விளங்கி எடுத்தவரை நான் காணவில்லை. ஆனால் உனக்கு அவள் கொடுத்தபோது நீ ஒன்றும் விளங்கிக் கிடக்கவில்லை. உதடு நீலம் பாரித்துக் கிடந்தாய். விளங்குகிறவனுக்கு மட்டும்தான் என்றிருந்தால் அன்று உனக்கு ஒன்றும் கிடைத்திராது. இந்த இரண்டையும் சேர்த்து எப்படி நினைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் உண்மை என்பது மட்டும் தெரியும்.

இனி ஒன்று பாக்கி. ஊர்காவற்றுறைக்கே திரும்பிவந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தப் புத்தகத்தை நான் திருத்தவில்லை. கோயில் வாசலிலிருந்து முந்நூறு அடி தூரத்தில் இருந்துகொண்டு திருத்தவில்லை. பெரிய மாமி இருக்கும்வரை அவவுக்கு முன்னால் வெட்கம்; அவ போனபிறகு, பங்குச் சபையில் முன்வரிசையில் இருக்கிற எனக்கு வெட்கம். உன் தொலைபேசிதான் என்னைத் தூக்கிப்போட்டது. நேற்றுக் காலை போனேன். எரியாமல் கறையான் தின்னாமல் புத்தகம் இருந்தது. பழைய சுவாமியின் சரிந்த எழுத்தில் என் பேரும் இருந்தது. இப்போதிருக்கிற சுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஓரத்தில் ‘தாய் தவமணியால் கொடுக்கப்பட்டது’ என்று எழுதினார். கீழே நான் கையெழுத்து வைத்தேன். அதன் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு பூசை முடிவில் சனத்துக்கும் சொல்லப்போகிறேன். பிரசங்கத்தில் புகழ்ந்ததை அங்கேயே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

உன்னை மறிக்க நான் இதை எழுதவில்லை. மறிக்கிற தகுதி கிணற்றடியிலேயே போய்விட்டது. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது, கலியாணத்துக்கும் வருவேன். ஆனால் இன்னும் ஒன்றை நீ தெரிந்துகொள்ளவேண்டும். அன்று பள்ளிக்கூடத்துக் கிணற்றில் வரிசையில் நின்று ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உன்னை அனுப்பினேன். பாதியைச் சிந்திவிட்டாய் என்று ஏசினேன், நினைவிருக்கிறதா? அம்மாவின் தலையில் நான் ஊற்றியது அதில் மீந்ததைத்தான். அவள் உனக்குக் கொண்டுவந்தாள், நீ அவளுக்குக் கொண்டுவந்தாய். நடுவில் வெறுங்கையோடு நின்றவன் நான்.

அந்தத் தொட்டிக்குள் இறங்கத்தான் போகிறாய் என்றால் இறங்கு. இதற்கு முன் ஞானஸ்நானம் எடுத்தீரா என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அப்போது இல்லை என்று மட்டும் சொல்லாதே. அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாயிற்று. "ஓம், அம்மா தந்தவ" என்று சொல்லிவிட்டு இறங்கு.

உன்
அப்பா